சளி பிடித்த காதில் வலி திடீரென நின்றால்

[திரை: காதின் குறுக்குவெட்டுப் படம். செவிப்பறையும் அதன் பின்னுள்ள அறையும் ஒளிர்கின்றன.]

வணக்கம். சளி பிடித்த சில நாட்களில் காது அடைத்துக்கொள்வது பலரும் அறிந்த தொல்லை. சிலருக்கு அந்த அடைப்பு இரவில் தாங்க முடியாத குத்துவலியாக மாறுகிறது. பிறகு காதிலிருந்து சீழ் வடிந்து, தலையணை நனைந்து, வலி சட்டென்று நின்றுவிடுகிறது. வலி விட்டுவிட்டதே என்று நிம்மதி அடையும் அந்த வேளையில்தான் அதிகக் கவனம் தேவை.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்னும் காற்றறை இருக்கிறது. அதை மூக்கின் பின்பகுதியோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. பெரும்பாலும் மூடியே இருக்கும் இக்குழாய், நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நொடிப்பொழுது திறந்து, உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்துகிறது.

[திரை: குழாயின் உட்சுவர் வீங்குகிறது. செவிப்பறை உள்நோக்கி வளைகிறது.]

சளி பிடிக்கும்போது குழாயின் உட்சுவர் வீங்கி வழி அடைபடுகிறது. உள்ளே சிக்கிய காற்றை நடுச்செவியின் சவ்வு சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்வதால் அழுத்தம் குறைந்து, செவிப்பறை உட்புறமாக இழுக்கப்படுகிறது. காது மந்தமாவது அதனால்தான். அடைப்பு நீடித்தால் அறையில் நீர் கசிந்து தேங்கும். மூக்கிலிருந்து வரும் பாக்டீரியா அந்த நீரில் பெருகினால் சீழ் கட்டி, இம்முறை அழுத்தம் வெளிநோக்கித் திரும்புகிறது. செவிப்பறையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், நலிந்த ஓரிடத்தில் அது கிழிந்து சீழ் வெளியேறியதும் வலி தணிகிறது, ஆனால் நோய்த்தொற்று உள்ளே அப்படியே இருக்கிறது. குழந்தைகளுக்கு இக்குழாய் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் இத்தொல்லை அவர்களுக்கே அதிகம் வருகிறது.

[திரை: எண்ணெய்க் கிண்ணம், காது குடையும் பட்ஸ். இரண்டின் மீதும் சிவப்புக் குறுக்குக்கோடு.]

காதுவலி என்றதும் பூண்டு தட்டிக் காய்ச்சிய எண்ணெயை விடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அக்கறையோடு செய்வதுதான் என்றாலும், செவிப்பறை கிழிந்திருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுச்செவிக்குள் இறங்கும்; ஆகவே தயவுசெய்து காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். சொட்டு மருந்துகளிலும் சில, கிழிசல் வழியே உட்செவியை அடைந்து கேட்கும் திறனையே பாதிக்கக்கூடியவை என்பதால், மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். வடிவதை வெளிப்புறம் மட்டும் துடைத்தால் போதும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வைத்துக்கொள்ளுங்கள்; கிழிசல் ஆறும்வரை நீச்சல் கூடாது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதினால் அடைப்பு விலகும் என்பார்கள். சளி இருக்கும்போது அது தொற்றுள்ள சளியை நடுச்செவிக்குள் தள்ளிவிடக்கூடும். அடிக்கடி விழுங்குவதும், மூக்கை ஒவ்வொரு துளையாக மெதுவாகச் சிந்துவதுமே பாதுகாப்பானவை. விமானம் தரையிறங்கும்போது அழுத்தம் விரைவாக ஏறுவதால், கடும் சளி இருக்கையில் பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது.

[திரை: காதின் பின்புற எலும்பு சிவப்பாகக் காட்டப்படுகிறது.]

காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்தாலும், முகம் ஒருபுறம் கோணினாலும், தலை சுற்றினாலும், கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி பெரும்பாலான கிழிசல்கள் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. மூன்று மாதங்கள் கடந்தும் மூடாத துளையை, பெரும்பாலும் காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டி, அறுவை சிகிச்சையால் அடைக்கிறார்கள்.