பீரை மட்டும் விலக்கிய நாடு

அவையோருக்கு வணக்கம்.

மதுவுக்குச் சட்டம் போடும் அரசு, போதை மிகுந்ததைத்தான் முதலில் தடுக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஐஸ்லாந்து இதற்கு நேர்மாறாக நடந்தது. 1935 முதல் 1989 வரை அந்நாட்டில் விஸ்கியும் வோட்காவும் அரசுக் கடைகளிலேயே விற்கப்பட்டன, 2.25 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீர் மட்டும் விலக்கப்பட்டிருந்தது.

1908இல் நடந்த வாக்கெடுப்பில் மதுவிலக்கை மக்களே விரும்பி ஏற்றனர்; 1915இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆனால், ஐஸ்லாந்தின் உப்பிட்ட மீனுக்குப் பெரிய சந்தையாக இருந்த ஸ்பெயின், தன் ஒயினை வாங்க மறுத்தால் மீனையும் வாங்க இயலாது என்று நெருக்கியது. மீனை நம்பியே பிழைத்த நாடு வேறு என்ன செய்யும்? 1922இல் ஒயினுக்கு வழி திறந்தது. 1933இல் நடந்த மற்றொரு வாக்கெடுப்பைத் தொடர்ந்து ஏனைய மதுவகைகளும் திரும்பின. பீர் மலிவானது, அதைப் பிடித்துக்கொண்டு இளைஞரும் தொழிலாளரும் குடிக்குள் இறங்கிவிடுவர் என்ற அச்சத்தால் அதற்கு மட்டும் தடை நீடித்தது. அந்த அச்சத்தில் உண்மையான அக்கறை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

விளைவு என்ன ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். 1980களில் தலைநகர் ரெய்க்யவிக்கின் மதுக்கூடங்களில், சட்டம் அனுமதித்த மென்பீரைக் குவளையில் ஊற்றி, அதில் வோட்கா போன்ற கடும் மதுவைக் கலந்து, உண்மையான பீரின் வலுவுக்குக் கொண்டுவந்து பரிமாறினர். இதற்கு ‘பியோர்லீகி’ என்று பெயர். கலந்த இரண்டும் தனித்தனியே சட்டத்துக்கு உட்பட்டவை. 1985இல் அரசு இக்கலவையையும் தடுக்க வேண்டியதாயிற்று. விமானப் பணியாளர்கள் வெளிநாட்டிலிருந்து பீர் கொண்டுவரலாம், சாதாரணப் பயணி கொண்டுவரக் கூடாது என்ற பாகுபாடும் மக்களைச் சினங்கொள்ளச் செய்தது. 1979இல் ஒரு தொழிலதிபர் விமான நிலையத்தில் இதை வெளிப்படையாக எதிர்த்தபின், பயணிகளுக்கும் அவ்வுரிமை கிடைத்தது. கண்ணெதிரே இத்தனை ஓட்டைகள் இருக்கும்போது அச்சட்டத்தை எவர் மதிப்பார்?

1989 மார்ச் 1 அன்று தடை நீங்கியது.

இளைஞரைப் பற்றிய கவலைக்கு விடை பின்னர், வேறு வழியில் வந்தது. 1998இல், 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தனர்; 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் செலவிடப்பட்டது. பிள்ளைகள் இரவில் வெளியே திரிவதற்கு நேர வரம்பு வந்தது. வார இறுதி இரவுகளில் பெற்றோர்களே குழுவாகச் சேர்ந்து தெருக்களைச் சுற்றிவந்தனர். அந்த ஆண்டுகள் முழுவதும் அரசுக் கடைகளில் பீர் விற்பனையில்தான் இருந்தது.