ஒன்பது மாதம் பள்ளிக்கூடம் போனவர்

அவையோருக்கு வணக்கம்.

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நூலகத்தார் கேட்டபோது, நம் பக்கத்துக்காரர் ஒருவரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மலையடிவாரத்தில், பால் மால் என்கிற சிற்றூரில் பிறந்தவர். பெயர் ஆல்வின் யார்க். முதல் உலகப் போரில் 132 ஜெர்மானியர்களைச் சிறைபிடித்துக் கொண்டுவந்த கூட்டத்தின் தலைவர். இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு காலைப்பொழுதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். எனக்கு அந்த 45 ஆண்டுகளின் மேல்தான் கண்.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பாட்டியின் தாத்தா கான்ராட் பைல் என்பவர், வேட்டைக்கு வந்த இடத்தில் ஓர் ஊற்றைக் கண்டு, அங்கேயே தங்கி, அந்தப் பள்ளத்தாக்கில் நிலத்துக்கு மேல் நிலம் சேர்த்தவர். தலைமுறைகள் போகப் போக நிலம் கரைந்தது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்தபோது அந்த எல்லைப்புற மாவட்டம் இரண்டாகப் பிளந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் எதிரிப் படை. பகல் வேளையில் வயலில் நின்றால் சுடுவார்கள். அம்மாவின் அப்பா வடக்கத்திப் படையோடு வந்து அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். போர் முடிந்த பிறகும் ஓயாத பகையில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அப்பா வழித் தாத்தா மெக்சிகோப் போருக்குப் போய் வந்தவர். ஆக, வீட்டில் துப்பாக்கியும் இருந்தது, துப்பாக்கியால் போனவர்களின் கதையும் இருந்தது.

1887 டிசம்பர் 13 அன்று, இரண்டே அறை கொண்ட மரக்கட்டை வீட்டில் ஆல்வின் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூன்றாமவர். அப்பா விவசாயி, கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் களை எடுக்க யார்? எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆல்வின் படித்தது ஒன்பது மாதம். 1911இல் அப்பா இறந்தார். மூத்தவர்கள் இருவரும் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போய்விட்டதால் தம்பி தங்கைகளின் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. உழைத்தார்; உழைத்ததைக் குடித்தார். கென்டக்கி மாநில எல்லைக்கோட்டின் மேலேயே சாராயக் கொட்டகைகள் இருந்தன. குடி, சூதாட்டம், அடிதடி. நெருங்கிய நண்பன் ஒருவன் குடித்த இடத்துச் சண்டையில் செத்துப்போன பிறகு, 1915 புத்தாண்டையொட்டி, எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். கொலை செய்யாதே என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரு சின்னத் திருச்சபையில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

1917 ஜூன் 5 அன்று கட்டாய ராணுவச் சேவைக்குப் பெயர் பதிய வேண்டியிருந்தது. அந்த ஊரில் மளிகைக் கடைக்காரரும் போஸ்ட்மாஸ்டரும் போதகரும் ராணுவப் பதிவு அலுவலரும் ஒரே ஆள், ரோசியர் பைல். கடையிலேயே படிவம் நிரப்பினார்கள். விலக்குக் கேட்கிறாயா, என்ன காரணம் என்று ஒரு கேள்வி. அதற்கு எதிரே இருக்கும் பதில்: "ஆம். சண்டை போட விருப்பமில்லை." அந்தப் படிவம் இன்றும் இருக்கிறது. இந்தத் திருச்சபையை நாங்கள் அறியோம் என்று விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்து, ஜார்ஜியாவில் இருந்த பயிற்சி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். துப்பாக்கிப் பயிற்சியில் இவர் வைத்த குறி தப்புவதில்லை. ஆனால் மனிதனைச் சுட மாட்டேன் என்கிறார். அதிகாரிகள் நினைத்திருந்தால் சிறையில் தள்ளியிருக்கலாம். கேப்டன் டான்ஃபோர்த்தும் மேஜர் பக்ஸ்டனும் பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு இவரோடு இரவெல்லாம் வாதாடினார்கள். ஒரு வசனத்துக்கு ஒரு வசனம். கடைசியில், பத்து நாள் விடுப்பில் போய் யோசித்துவிட்டு வா, அப்போதும் மனம் வரவில்லை என்றால் பார்க்கலாம் என்றார் மேஜர். ஆல்வின் மலைமேல் ஏறி ஜெபித்துவிட்டுத் திரும்பினார். போகிறேன் என்றார். பல ஆண்டுகள் கழித்து ஒரு மகனுக்கு ஜார்ஜ் எட்வர்ட் பக்ஸ்டன் என்று பெயர் வைத்தார். தன்னைப் போருக்கு அனுப்பிய அதிகாரியின் பெயரை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா? தன்னிடம் வாதாடிய மனிதருக்கு வைத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி அந்தக் காலைப்பொழுது. 1918 அக்டோபர் 8, பிரான்சில் ஆர்கான் காடு. 17 பேர் எதிரியின் பின்புறம் சுற்றிக்கொண்டு போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெர்மானியர்களை மடக்கிவிட்டார்கள். உடனே மேட்டில் இருந்த இயந்திரத் துப்பாக்கிகள் திரும்பின. ஆறு பேர் செத்தார்கள், மூன்று பேருக்குக் காயம். மிஞ்சிய எட்டுப் பேரில், கார்ப்பரல் என்கிற கீழ்மட்டப் பொறுப்பில் இருந்த யார்க் தலைமையேற்றார்.

இங்கே நீங்கள் அவருடைய ஊர்ப் பந்தயம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் வான்கோழியைக் கட்டிவிடுவார்கள். உடம்பு தெரியாது. எப்போதாவது தலையை உயர்த்திப் பார்க்கும். அந்தக் கணத்தில் சுட வேண்டும். ஆர்கானில், கீழே படுத்துக் கிடந்த தங்கள் ஆட்கள்மேல் குண்டு படாமல் சுடுவதற்காக, இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் தலையை உயர்த்தி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. உயர்ந்த தலைகளையெல்லாம் யார்க் சுட்டார். நடுவே ஆறு பேர் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடிவந்தார்கள். கைத்துப்பாக்கியை எடுத்து, கடைசியில் வந்தவனை முதலில் சுட்டார். பிறகு அவனுக்கு முன்னால் வந்தவனை. முன்னால் வருவது விழுந்தால் பின்னால் வருபவை கலைந்துவிடும் என்பது வான்கோழி வேட்டைக்காரன் பாடம். கடைசியில் ஒரு ஜெர்மன் அதிகாரி, நிறுத்துங்கள், சரணடையச் சொல்கிறேன் என்றார். முகாமில் எண்ணியபோது 132 கைதிகள். மற்ற ஏழு பேரின் பெயர் எவர் வாயிலும் வரவில்லை என்ற மனத்தாங்கல் அந்த ஏழு பேரில் சிலருக்கு வெகுகாலம் இருந்தது. அது நியாயமான மனத்தாங்கல்தான்.

1919 மே மாதம் நியூயார்க்கில் காகிதமழை பொழிந்து வரவேற்றார்கள். என்ன பார்க்க ஆசை என்று கேட்டதற்கு, பூமிக்கடியில் ஓடும் ரயில் என்றார். மேடையில் தோன்ற, விளம்பரத்தில் நிற்க, படத்தில் நடிக்க என்று பணம் காத்துக்கிடந்தது. சீருடையை விற்க மாட்டேன் என்று எல்லாவற்றையும் மறுத்துவிட்டு ஊருக்குப் போய், ஜூன் 7 அன்று கிரேசி வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டார். மாநில ஆளுநரே வந்து நடத்திவைத்த கல்யாணம்.

நாஷ்வில் நகர ரோட்டரி சங்கத்தார் 400 ஏக்கர் பண்ணை பரிசு என்று அறிவித்தார்கள். நன்கொடை எதிர்பார்த்த அளவு சேரவில்லை. பரிசு நிலத்தோடு அடமானமும் சேர்ந்து வந்தது! கடன் என்றால் என்னவென்று அதுவரை பெரிதாகத் தெரியாதவரை, நாட்டின் நன்றியுணர்ச்சி கடன்காரராக்கியது. பிறகு மறுபடி நன்கொடை திரட்டித்தான் அது தீர்ந்தது. நம் ஊரில் விழா மேடையில் அறிவிக்கும் வீட்டுமனைகள் உங்களுக்கு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

அவர் அரசாங்கத்திடம் கேட்டவை இரண்டு: சாலை, பள்ளிக்கூடம். பிரான்ஸ் வரைக்கும் போய் வந்தவருக்கு, தன் பள்ளத்தாக்குக்கு வெளியே எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்பதும், அதில் தன் ஒன்பது மாதப் படிப்பு போதாது என்பதும் உறைத்திருந்தன. ஊர் ஊராகப் போய்ப் பேசி நிதி திரட்டினார். போர்க் கதை கேட்கக் கூட்டம் வரும். இவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு இறங்குவார். பள்ளியை எங்கே கட்டுவது, யார் நடத்துவது என்று உள்ளூர்ப் பெரிய மனிதர்களோடு ஓயாத வம்பு. விட்டுக்கொடுக்கத் தெரியாத மனிதர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1926இல் ஜேம்ஸ்டவுன் ஊரில் அவர் பெயரிலேயே பள்ளி தொடங்கியது. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? பஸ் விட வேண்டும். காசு இல்லை. கைக்கு வந்திருந்த பண்ணையை அடகு வைத்து பஸ் விட்டார். 1937இல் மாநில அரசு அந்தப் பள்ளியை ஏற்றுக்கொண்டது. இன்றும் அரசே நடத்துகிறது.

இருபது ஆண்டுக்கும் மேல் மறுத்துவந்த சினிமாவுக்கும் ஒரு கட்டத்தில் இணங்கினார். வேதாகமப் பள்ளி ஒன்று கட்டப் பணம் வேண்டும் என்பது காரணம். 1941இல் அவருடைய கதை படமாக வந்தது, வெகுவாக ஓடியது. கையில் வந்ததைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பத்தாண்டு கழித்து வருமான வரித்துறை வந்து நின்றது. வட்டிக்கு வட்டி ஏறி 1,72,000 டாலர் என்றார்கள். 1954இல் பக்கவாதம் வந்து படுக்கையோடு கிடந்த மனிதர் அவ்வளவுக்கு எங்கே போவார்? நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் சாம் ரேபர்ன் முன்னின்று நிதி திரட்ட, 1961இல் 25,000 டாலருக்கு வழக்கு முடிந்தது. 1964 செப்டம்பர் 2 அன்று நாஷ்வில் நகரத்துப் படைவீரர் மருத்துவமனையில் காலமானார். பிறந்த பள்ளத்தாக்கிலேயே அடக்கம்.

சாவைச் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒரு சம்பவத்துக்காகப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது யார்க்குக்கு 54 வயது. மறுபடியும் சேர வந்தார். வயது, பருமன், உடல்நிலை மூன்றையும் காட்டிப் போர்முனைக்கு ஆகாது என்றார்கள். கௌரவமாக மேஜர் பதவி கொடுத்து, முகாம்களில் பேசவும் போர்க் கடன் பத்திரம் விற்கவும் அனுப்பினார்கள். சொந்த மாவட்டத்தில் ஆள்சேர்ப்புக் குழுவின் தலைவராகவும் இருந்தார். 1917இல் கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, விருப்பமில்லை என்று பதில் சொன்னவர், இப்போது மேசைக்கு அந்தப் பக்கம். எதிரே வந்து நின்ற மலைக்கிராமத்து இளைஞர்கள் பலரை ராணுவம் திருப்பி அனுப்பியது. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை. பள்ளி தொடங்கிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் இவ்வளவு பேர்.

யார்க் மேலிடத்துக்கு ஒரு யோசனை சொன்னார். எழுத்தறியாதவர்களை மட்டும் சேர்த்து ஒரு பட்டாலியன் அமையுங்கள். அவர்கள் நன்றாகச் சுடுவார்கள். நானே தலைமை தாங்கி அழைத்துப் போகிறேன் என்றார். ராணுவம் அதை ஏற்கவில்லை.