வாளியும் வாசிகசாலையும்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பில் காலையிலிருந்து மழை. வெள்ளவத்தையில் நான் நிர்வாகசபையில் இருக்கும் சின்ன வாசிகசாலையில், கூரை ஒழுகும் மூன்று இடத்திலும் வாளி வைத்துவிட்டுத்தான் இந்த ஒலிப்பதிவுக்கு வந்திருக்கிறேன். நிர்வாகசபை என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். கடற்காற்றில் துருப்பிடித்த கம்பியைக் கழற்றிப் புத்தகத்தை நூலால் தைப்பதும் எங்கள் வேலைதான்.

இன்று நான் சொல்ல வந்தது பாரிஸில் இருக்கும் அமெரிக்க நூலகத்தைப் பற்றி. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எல்லோரும் ஈபிள் கோபுரத்தைப் பார்க்க, நான் அதற்குப் பக்கத்துத் தெருவில் இருந்த இந்த நூலகத்தைத் தேடிப் போனேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்காக அமெரிக்காவிலிருந்த நூலகங்கள் ஏறக்குறைய 15 லட்சம் புத்தகங்களைக் கடல் தாண்டி அனுப்பின. போர் முடிந்தது, சிப்பாய்கள் போய்விட்டார்கள். மிஞ்சிய புத்தகங்களைக் கொண்டு 1920இல் இந்த நூலகம் தொடங்கியது. போரின் இருளுக்குப் பின் புத்தகங்களின் ஒளி, இதுதான் அதன் குறிக்கோள் வாசகம். தொடக்கத்தில் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சார்ல்ஸ் சீகர். அவருடைய மகன் ஆலன் சீகர் ஒரு கவிஞர், 1916இல் பிரான்சில் போர்க்களத்தில் இறந்தவர்.

அந்த முதல் நிர்வாகசபையில் ஈடித் வார்ட்டனும் இருந்தார். நாவலுக்குப் புலிட்சர் பரிசு பெற்ற முதல் பெண். நூலகம் தொடங்கி அடுத்த வருடமே அந்தப் பரிசு. ஹெமிங்வே அந்த நூலகத்தின் சஞ்சிகையில் எழுதினார், அதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு வார்ட்டன்தான் பெரிது. எழுத்தாளர் எழுதுவது அவருடைய தொழில். வரவுசெலவு பார்க்கும் சபையில் பெயர் கொடுப்பது அப்படியா? போர்க்காலத்தில் அகதிகளுக்கு விடுதியும் வேலையிழந்த பெண்களுக்குத் தையற்கூடமும் நடத்தியவர் அவர். இந்த மாதிரி வேலை அவருக்குப் பழக்கம்.

இன்னொருவர் டொரதி ரீடர். பெயரே ரீடர், வாசகர்! ஆங்கிலத்தில் எழுத்து வேறாம், சரி, இருக்கட்டும். இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தபோது அவர்தான் நூலகத்தை நடத்தியவர். யூத வாசகர்கள் உள்ளே வரத் தடை. அப்போது நூலகத்தார் புத்தகங்களை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோவது என்றதும் எனக்கு ஓர் ஆச்சி நினைவுக்கு வருவார். எனக்கு அப்போது பதினொரு வயது. ஊர் வாசிகசாலைச் செயலாளர் என் சைக்கிளில் புத்தகத்தைக் கட்டிவிடுவார். ஆச்சிக்குக் கால் ஏலாது. படித்த இடத்தில் பனையோலை நறுக்கு ஒன்றைச் செருகி வைத்திருப்பார். ஒருநாள், "மோனை, இதில கடைசி நாலு பக்கம் இல்லை. முடிவு என்னெண்டு சொல்லு" என்றார். நான் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. பயத்தில் கதாநாயகி மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்ல வேலை செய்தாள்" என்றார். பல வருடம் கழித்து அந்த நாவலின் முழுப் பிரதி கிடைத்தது. அவள் கப்பலேறவில்லை, மாமியாரோடு சமாதானமாகிவிடுகிறாள்! இன்றைக்கும் எனக்கு என் முடிவுதான் பிடிக்கும். அப்புறம், அந்த ஓலை நறுக்குகளைச் செயலாளர் எறியச் சொல்லுவார், நான் எறிவதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம் என்று நினைத்தேன், இல்லை, முடிக்கட்டாம். யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச இருந்தேன். 1981இல் எரிந்தது உங்களுக்குத் தெரியும், 97,000 வரையான நூல்கள். நான் சொல்ல நினைத்தது அதன் தொடக்கத்தை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகங்கள். அந்த அறைக்கு... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.