கடலுக்குள் ஒலி வளையும்

(நாகர்கோவிலில் மாணவர்களும் மீனவர்களும் கூடிய அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கமிருந்து வந்திருக்கும் அண்ணன்மாருக்கு எக்கோ சவுண்டர் புதிதல்ல. ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து அது ஆழம் சொல்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடும். செங்குத்தாகப் போகிறவரை சிக்கல் இல்லை. பக்கவாட்டில் அனுப்பினால்தான் ஒலி வளைய ஆரம்பிக்கும்.

வேகம் குறைந்த நீரை நோக்கியே அது வளையும். நீரின் வெப்பநிலை மேலே 28 டிகிரி செல்சியஸ், 100 மீட்டர் ஆழத்தில் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிர்ச்சியால் ஒலிவேகம் நொடிக்கு 14 மீட்டர் குறையும். ஆழத்தின் அழுத்தத்தால் ஒன்றரை மீட்டர் கூடும். இவ்வளவு சின்ன வித்தியாசம் போதும், மேற்பரப்பில் கிடையாகக் கிளம்பிய ஒலி சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் 100 மீட்டர் இறங்கிவிடும். அதற்கப்பால் மேல்நீரில் இருப்பது ஒலியின் நிழலில் இருக்கிறது. 1930-களில் காலையில் நன்றாக வேலை செய்த சோனார், அதாவது ஒலியால் நீருக்குள் தேடும் கருவி, பிற்பகலில் தடுமாறியதற்கு, வெயிலில் மேல்நீர் சூடானதே காரணம்.

சரி, கணினி இந்த வளைந்த பாதையை எப்படி வரைகிறது? கடலை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஓரிடத்திலிருந்து பல கோணங்களில் கதிர்களை, அதாவது ஒலி போகும் பாதைக் கோடுகளை, விடுகிறது. கதிர் கிடைக்கோட்டோடு செய்யும் கோணத்தின் கொசைனை ஒலிவேகத்தால் வகுத்தால் வரும் எண் எல்லா அடுக்கிலும் ஒன்றே. இதுதான் ஸ்னெல் விதி. பிளஸ் டூ மாணவரே போட்டுவிடலாம். கதிர்கள் நெருங்கும் இடத்தில் ஒலி வலுக்கும், விரியும் இடத்தில் மெலியும். அடியில் மோதினால் பார் எனும் பாறைத்தரை பெரும்பகுதியைத் திருப்பும், சேறு விழுங்கும். மைக்கேல் போர்ட்டர் எழுதிய பெல்ஹாப் என்ற நிரல் இதைச் செய்கிறது. இலவசமாகவே கிடைக்கிறது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் மீன் நிறைந்த மேட்டுப்பகுதியான நம் வெட்ஜ் பேங்குக்கு இது அவசியம் வேண்டும். அதன் தெற்கே கப்பல்கள் ஓயாமல் போகின்றன. அந்த இரைச்சல் மீன் சேரும் பார்களுக்கு எவ்வளவு எட்டுகிறது? கப்பலின் தாழ்ந்த ஒலிக்கு, ஆழம் குறைந்த இடத்தில், கதிர்க் கணக்கு மட்டும் போதாது. ஒலியை அலையாகவே கணக்கிடும் அலைச் சமன்பாட்டுக்கும் போக வேண்டும். எந்த முறையானாலும் ஆழவாரியான வெப்பநிலை இல்லாமல் கணக்கு நகராது. தென்மேற்குப் பருவக்காற்றில் அடிக்குளிர்நீர் மேலேறிவிடுவதால், மாசியில் போட்ட கணக்கு ஆவணிக்குச் செல்லாது.

அண்ணன்மாரிடம் இதைத்தான் கேட்கிறேன். வெப்பநிலையையும் ஆழத்தையும் தானே பதியும் கருவியை மாணவர்கள் கொண்டுவரட்டும். தொழிலுக்குப் போகும்போது கயிற்றில் கட்டி இறக்குங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். மாசியில் இறக்கிய இடத்திலேயே ஆவணியிலும் இறக்குங்கள்.