ஒயிட் மெட்டல் ஊற்றத் தெரிந்தவர் எங்கே?

(புதுச்சேரியில் நடந்த பழைய கார் அன்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். காலையிலிருந்து கடற்கரைச் சாலையில் வண்டிகளோடு வெயிலில் நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். விஷயத்துக்கு நேராகவே வந்துவிடுகிறேன்: நம் பட்டறைக்காரர்களின் கைவேலையை எழுதிவைக்கத் தமிழில் ஓர் ஏடு வேண்டும்.

பழைய கார் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக அச்சிட்ட ஏடுகளைத் தேடிப்பிடித்துப் படிப்பது என் வழக்கம். பெரும்பாலும் இங்கிலாந்து ஏடுகள்தான் கிடைக்கின்றன. அங்கே விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1934இல் தொடங்கியது. 1930 முடிவதற்குள் தயாரான வண்டிகள்தான் அவர்களுக்கு உயிர். கவனியுங்கள், சங்கம் ஆரம்பித்தபோது அவற்றில் சில வண்டிகளுக்கு நாலு வயதுதான்! அப்போதே "இனி இந்த மாதிரி யார் செய்யப்போகிறார்கள்" என்ற ஆதங்கம் வந்துவிட்டது.

அந்த ஏடுகளில் ஓயாமல் வருகிற கவலை பெட்ரோல். போர்க்காலத்தில், 1942இல், சொந்த உபயோகத்துக்கான ரேஷன் பெட்ரோலையே பிரிட்டனில் நிறுத்திவிட்டார்கள். வண்டி கொட்டகையில், ஆள் போர்முனையில். சங்கத்தார் ஒருவரையொருவர் விடாமல் பிடித்திருந்தது தபாலும் தாளும்தான். 1956 கடைசியில் சூயஸ் நெருக்கடியால் மறுபடி ரேஷன். அதற்கப்புறம் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுக்க நின்றது. இன்ஜினில் வால்வ் வந்து உட்காரும் இடம்தான் வால்வ் சீட்டு. ஈயம் அதில் படிந்து அதைக் காப்பாற்றி வந்தது. அது இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வ் மோதி மோதி மிருதுவான வார்ப்பிரும்புச் சீட்டு தேய்ந்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். வேகமாக நெடுந்தூரம் ஓடுகிற வண்டிக்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்க ஆரம்பித்ததே 1923இல், அதுவும் அமெரிக்காவில். அதற்கு முன்னால் பிறந்த வண்டிகள் ஈயத்தையே பார்க்காமல் ஓடியவை. அவற்றை வைத்திருந்தவர்களும் சேர்ந்து பயந்தார்கள்.

இன்றைக்கு எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி, இப்போது எந்த பங்க்குக்குப் போனாலும் அதுதான். இந்தக் கவலை மிகையில்லை. பழைய ரப்பர் ஹோஸ் ஊறி இளகிவிடும், பம்ப் டயஃப்ரம் போய்விடும். சில பழைய கார்பரேட்டர்களில் மிதவை தக்கையால் ஆனது. அதன் மேல் பூசிய வார்னிஷை எத்தனால் கரைத்துவிட்டால் தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்பரேட்டர் ஒழுகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் டேங்க்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடாதீர்கள். ஹோஸை எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், வண்டியை அடிக்கடி ஓட்டுங்கள்.

அடுத்தது, ஒரிஜினலா இல்லையா என்கிற சண்டை. பழைய பெயின்ட்டை விடுவதா, புதிதாக அடிப்பதா. சலூன் காரின் கூரையை அறுத்து ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கியதைச் சேர்த்துக்கொள்வதா, கூடாதா. பல தலைமுறையாக நடக்கிற சண்டை இது. நமக்கு இப்போது சட்டமாகவே வந்துவிட்டது. 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' வரிசையில் எண் வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. சரி, நம் பக்கத்து பிளைமவுத், டாட்ஜ் எல்லாம் டாக்சியாக ஓடியவை. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை மாட்டினார்கள். அந்த இன்ஜின் ஏறியதால்தான் அவை காயலான் கடைக்குப் போகாமல் தப்பின. அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான் என்பது என் உறுதியான கருத்து. விதி எழுதியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எந்த ஏட்டைத் திறந்தாலும் கடைசிப் பக்கங்களில் 'தேவை' விளம்பரங்கள் இருக்கும். மேக்னெட்டோ தேவை, கியர் தேவை, விளக்குக் கண்ணாடி தேவை. அங்கே ஆட்கள் சேர்ந்து பாகங்களை வார்த்து எடுத்தார்கள், எப்படிச் செய்தோம் என்று அளவோடு எழுதியும் வைத்தார்கள். நம் ஊரிலும் செய்தார்கள். ஆனால் யாரும் எழுதவில்லை.

ஒயிட் மெட்டல் என்பது பழைய இன்ஜின்களின் பேரிங்குக்கு உள்பக்கம் உருக்கி ஊற்றுகிற மிருதுவான கலப்பு உலோகம். கடலூர் முதுநகர் பக்கம் ஒரு மேஸ்திரி அதை ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் வாயைச் சூடாக்கி வெள்ளீயம் பூசினார். நடுவில் உருளையை நிறுத்தினார். அடுப்பில் உருகிக்கொண்டிருந்த உலோகத்தில் ஒரு குச்சியை முக்கி எடுத்து, அது கருகிய நிறத்தைப் பார்த்தே "இப்ப சரி" என்றார். தெர்மாமீட்டர் கிடையாது. ஒரே ஊற்றாக ஊற்றினார். நடுவில் கை நின்றால் இரண்டு பாகமாகப் பிளவு விழுந்துவிடுமாம். அப்புறம் லேத்தில் கடைந்து, கிராங்க்கில் அடையாளத்துக்கு நீலச் சாயம் தடவி, மாட்டிச் சுழற்றி, கழற்றினார். நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டினார். திரும்ப நீலம், திரும்பச் சுரண்டல். அவர் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறார். பட்டறையில் கற்றுக்கொள்ள ஆள் இல்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் தயாரான வண்டி. அதன் சேஸிஸ் எங்கே துருப்பிடிக்கும் என்று இங்கிலாந்து ஏடுகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் நாலு கதவு ஹெரால்டு இங்கே மட்டும்தான் வந்தது. அதன் பின்கதவு ரப்பருக்கு எதை வெட்டிப் பொருத்துவது, அடித்தகடு அழுகினால் எந்தக் கனத் தகட்டை வைத்துப் பற்றவைப்பது என்று லண்டனிலிருந்து யார் எழுதுவார்? நம் டிங்கரிங் ஆட்களுக்குத் தெரியும். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுவையில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் புகுந்த இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யாதே, பிளக்கைக் கழற்றி எண்ணெய் விடு, ஆயிலை மாற்று என்று சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்கள்தான். அவர்கள் பேசுவது தமிழ். நம் சங்கங்களின் மலர்களோ ஆங்கிலத்தில் வருகின்றன, அவற்றிலும் பேரணிப் புகைப்படமும் கோப்பை வாங்கியவர் பெயரும்தான் நிறைய.

ஆகவே தமிழில் ஓர் ஏடு தொடங்குவோம். வழவழ தாள் வேண்டாம், ஜெராக்ஸ் போதும். முதல் இதழுக்கு ஒயிட் மெட்டல் பற்றிப் பேச அந்த மேஸ்திரி சம்மதித்திருக்கிறார். அவர் பெயரில்தான் கட்டுரை வரும், அவருக்குச் சன்மானமும் உண்டு. அவர் சொல்லச் சொல்ல எழுத ஒருவர், படம் எடுக்க ஒருவர், அளவு குறிக்க வெர்னியர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போவதற்கு முன் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.