படுக்கையருகே இருப்பவரின் கண்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர் என்ற முறையில், தாய்மார்கள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன்: "டாக்டர், இவன் எப்பவும் இப்படி இருக்க மாட்டான்." காய்ச்சல் இறங்கியிருக்கும், குறிப்பேட்டில் எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும்; ஆனாலும் அந்தச் சொல்லை வெறும் பதற்றமாக அல்லாமல் மருத்துவத் தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் சற்றுத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். நாங்கள் குழந்தையைப் பார்ப்பது நாளொன்றுக்குச் சில நிமிடங்கள். நன்றாக இருந்தபோது அது எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் பெற்றோர்தான்.

ஓர் இரவு, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கைக்குழந்தை விடாமல் அழுதபோது, பசி என்றே நாங்கள் நினைத்தோம். தாய்தான் அதன் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, கட்டுப்போட்ட கை உப்பிக் குளிர்ந்திருப்பதைக் காட்டினார். ஊசி இரத்தக் குழாயை விட்டு விலகி, திரவம் சதைக்குள் இறங்கியிருந்தது. இப்படி இரு கைகளையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறுபாடு தெரிந்தால் உடனே செவிலியரை அழைக்க வேண்டுமே தவிர, டிரிப்ஸின் வேகத்தை நாமே திருகி மாற்றக் கூடாது.

குழந்தைக்கான மருந்தளவை எடையை வைத்தே கணக்கிடுகிறோம். ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு 10 மடங்காகிவிடும். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 மி.லி.யில் 100 மி.கி. கொண்ட சொட்டு மருந்தும், 5 மி.லி.யில் 125 மி.கி. கொண்ட சிரப்பும் உண்டு. 8 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 120 மி.கி. தேவையென்றால், சிரப்பில் அது ஏறக்குறைய 5 மி.லி.; சொட்டு மருந்திலோ 1.2 மி.லி.தான். பாட்டில் மாறினால் நான்கு மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். ஆகவே வீட்டில் கொடுத்த மருந்தையும் கொடுத்த நேரத்தையும் மருத்துவமனையில் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்; வார்டில் உங்கள் பையிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மருந்தின் பெயரைக் கேளுங்கள். கைப்பட்டையில் உள்ள பெயரைப் பார்க்காமல் படுக்கை எண்ணை மட்டும் பார்த்துக் கொடுக்க வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

திரும்பி ஒரு பொருளை எடுக்கும் நொடியில்தான் குழந்தை கட்டிலிலிருந்து விழுகிறது. தடுப்புக் கம்பியை ஏற்றிவிட்டே திரும்புங்கள். தொடுவதற்கு முன் கை கழுவினீர்களா என்று மருத்துவரையும் கேட்கலாம். ஒரு தந்தை என்னைக் கேட்டபோது சுருக்கென்றது. கேள்வி நியாயமானதுதான் என்பதால், போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.

சொல்லியும் கேட்கப்படாவிட்டால் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-இல், மூன்று வயது நிறையாத ஒரு சிறுவன், நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் கவலை தெரிவித்தும் காப்பாற்றப்படாமல் இறந்தான். அவன் பெயரால் பின்னர் அங்கு வந்த 'ரயன் விதி'ப்படி, முதலில் செவிலியர் அல்லது மருத்துவரிடமும், அடுத்துப் பொறுப்புச் செவிலியரிடமும் சொல்லி, அப்போதும் கவலை தீராவிட்டால் தொலைபேசியில் மறுபரிசோதனை கோரலாம். இங்கிலாந்தில் 2024 முதல் 'மார்த்தா விதி' இதே நோக்கில் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. அத்தகைய விதி இல்லாத மருத்துவமனையிலும், அடுத்த மூத்தவர் யார் என்று கேட்பதை எவரும் தவறென்று சொல்ல முடியாது.

இதனால் பாதுகாப்பின் பொறுப்பு பெற்றோர் தலைக்கு மாறிவிடுவதில்லை. அது மருத்துவமனையின் கடமைதான். நீங்களும் முறை வைத்துத் தூங்க வேண்டும். கவலையைச் சொல்லும்போது மட்டும், குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, எந்நேரத்திலிருந்து பால் குடிக்க மறுக்கிறது, மூச்சிழுக்கையில் விலாவுக்கடியில் குழி விழுகிறதா என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மருத்துவரும் உடனே எழுந்து வருவார். நன்றி, வணக்கம்.