கார்ப்பெட் வீதியைக் கிழிக்காமல் பைப்பைப் பிடிக்கலாமா? மட்டக்களப்பு மணலில் ரேடார்

[திரையில்: புது வீதி, நடுவில் கிடங்கு]

கார்ப்பெட் போட்டு மினுக்கம் கூடப் போகவில்லை. அதற்குள் தண்ணீர் பைப்பைத் தேடி ஒரு கிடங்கு. அங்கே இல்லை. இரண்டடி தள்ளி இன்னொன்று. மட்டக்களப்பில் இதைப் பார்க்காதவர் யாராவது இருந்தால் கமெண்டில் கை தூக்குங்கள்.

தோண்டாமலே பார்க்க ஒரு மெஷின் இருக்கிறது. தள்ளுவண்டி, அதன் அடியில் அன்டெனா பெட்டி, கைபிடியில் ஒரு திரை. பெயர் ஜிபிஆர், அதாவது தரையை ஊடுருவும் ரேடார். 1929இல் ஆஸ்திரியாவில் பனியாற்றின் ஆழத்தை ரேடியோ அலையால் அளந்தார்கள், 1972இல் அப்பல்லோ 17 நிலவைச் சுற்றியபடி அதன் அடித்தரையைத் துழாவியது. வரலாறு இவ்வளவு போதும்.

பெட்டி ரேடியோ அலையைத் தரைக்குள் அனுப்பும். மண்ணின் தன்மை சட்டென்று மாறும் இடத்தில் அலையில் கொஞ்சம் திரும்பி வரும். இரும்பு பைப் என்றால் பளிச்சென்று தெரியும். மெட்டல் தேடும் கருவிக்கு அகப்படாத பிவிசி பைப்பும், உள்ளே உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் ஓடினால், காய்ந்த மணலில் நன்றாகவே தெரியும். பைப் காலியாக இருந்தால் மங்கல்தான். தண்ணீர் வராத நாளில் ரேடாருக்கும் சரியாக வராது!

ஆனால் திரையில் பைப் பைப்பாகத் தெரியாது. கவிழ்த்த வளைவாகத் தெரியும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் பெரிய போட் ஓட்டுகிற அண்ணன்மாரிடம் கேளுங்கள், பார்த்த உடனே சொல்வார்கள்: மீன் தேடும் கருவியான பிஷ் பைண்டரில் மீன் இப்படித்தான் விழும். காரணமும் அதேதான். அலை நேர் கீழே மட்டும் போவதில்லை, விரிந்து போகிறது. அதனால் மீனுக்கு மேலே வருமுன்பே சாய்வாக எதிரொலி கிடைக்கும். அப்போது தூரம் அதிகம், புள்ளி கீழே விழும். நேர் மேலே வரும்போது தூரம் குறைவு, புள்ளி மேலே. தாண்டிப் போனால் மறுபடி கீழே. புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு. கடலில் ஒலி, தரையில் ரேடியோ அலை, கணக்கு ஒன்றுதான். வளைவின் உச்சிக்கு நேரே வீதியில் பெயின்ட் அடித்தால் பைப் அங்கே. எனக்கு இந்த மெஷினில் மிகவும் பிடித்தது இந்த வளைவுதான்.

இனி ஆழம். மெஷின் அளப்பது நேரத்தை. எதிரொலி 20 நானோ செக்கனில் (ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோ செக்கன்) வந்தது என்று வையுங்கள். காய்ந்த மணலில் அலை நானோ செக்கனுக்கு ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் ஓடும். போய்வரும் நேரத்தைப் பாதியாக்கினால் பைப் ஒன்றரை மீற்றரில். தண்ணீர் ஊறிய மணலில் வேகம் 6 சென்ரிமீற்றர் அளவுக்கு விழுந்துவிடும். அதே 20 நானோ செக்கனுக்கு ஆழம் வெறும் 60 சென்ரிமீற்றர்! கச்சான் காற்று அடிக்கும் காலத்துக் கணக்கை மார்கழி மழையில் பாவித்தால் பெக்கோக்காரர் நேராகப் பைப்பில் இடிப்பார். நல்ல வேளை, வேகம் குறைந்தால் வளைவு ஒடுங்கும். அதை வைத்துத் திருத்தலாம்.

நம் ஊருக்கென்று ஒரு வில்லன் இருக்கிறது: உப்பு. கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு, காய்ந்திருந்தால் ரேடாருக்குச் சொர்க்கம். அதன் அடியில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், அலையின் சக்தியை அப்படியே விழுங்கிவிடும். அந்த மட்டத்துக்குக் கீழே திரையில் வெறும் இரைச்சல்தான். எத்தனை கோடி போட்டு மெஷின் வாங்கினாலும் இதே கதி.

ஆகவே வாவிக் கரையில் ரேடாரை மட்டும் நம்பக்கூடாது என்பது என் கருத்து. வளைவு அது தண்ணீர் பைப்பா கேபிளா என்றும் சொல்லாது. வால்வு மூடி, மீற்றர், பழைய வரைபடம், பைப் புதைத்தபோது நின்ற பாஸ், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கிணற்றில் ஆவணி மாதம் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, உப்புக் கரிக்கிறதா? ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள். ரேடார் எந்தப் பக்கம் எடுபடும் என்று அதை வைத்தே ஒரு மதிப்புப் போடலாம்.